இருநூறு நாகர்கோவில் தூரம்

இல்லாத விமானங்கள் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று சொல்வது என் வேலை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து அதைச் சொல்கிறேன். பயண இணையதளம் ஒன்றுக்காக எங்கள் குழு ஒரு பக்கம் செய்தது. உலகத்தின் ஏதாவது இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால், நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று அது காட்டும். உள்ளே இருக்கும் கணக்கை எழுதியவள் நான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பூமியை உருண்டை என்று வைத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்ட வேண்டும். அந்தக் கோட்டில் எந்த விமானமாவது பறக்கிறதா என்று பக்கம் கவலைப்படாது. நானும் கவலைப்பட்டதில்லை.

வீட்டில் எனக்குப் பதறாத பிள்ளை என்று பெயர். உண்மை என்னவென்றால், பதறும்போது நான் கட்டம் போட்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது நிதானம் போலத் தெரியும்.

அக்கா டொராண்டோவில் இருக்கிறாள். அப்போது அவள் நிறைமாதம், முதல் பிரசவம். குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் அறுவை சிகிச்சைதான் என்று சொல்லி, அங்கே ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அத்தான் அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தார். ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் விடுப்பு கிடைக்கும் என்ற நிலை. அப்பா சாலைக் கடைத்தெரு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்ப்பவர்; அது வரிக்கணக்கு தாக்கல் செய்யும் மாதம். எனக்கு விசா இல்லை. அம்மாவுக்கு இருந்தது. ஆகவே அம்மா போக வேண்டும், தனியாக, அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால். அக்கா ஃபோனில் வளவளவென்று பேசுகிறவள் இல்லை. “அம்மா வந்துருவால்லா?” என்று மட்டும் தினமும் கேட்பாள். வந்துவிடுவாள் என்று தினமும் நான்தான் சொல்வேன், ஏனென்றால் விமானம் என்றால் வீட்டில் என்னிடம்தான் கேட்பார்கள்.

நானும் விமானத்தில் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். இரண்டும் பெங்களூருக்கு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அம்மா விமானம் ஏறியதே கிடையாது. அதிகபட்சம் திருப்பதி, அதுவும் ரயிலில், எங்கள் மூன்று பேரையும் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு. அம்மாவின் ஊர் நாகர்கோவில். கல்யாணமாகி இத்தனை வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்தும், தூரத்தை இன்னும் நாகர்கோவிலை வைத்துத்தான் அளப்பாள். கொல்லம் என்றால் “நாகர்கோவில் தூரம்தான்” என்பாள். கொச்சி என்றால் மூன்று நாகர்கோவில். கழக்கூட்டத்துக்கு நான் வேலைக்குப் போய் வருவதை, வாகன நெரிசலையும் சேர்த்து, தினமும் ஒரு நாகர்கோவில் என்று சொல்லி என்மேல் இரக்கப்படுவாள்.

பிழை அங்கேதான் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கெட் பார்ப்பதற்காக நான் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டாள். ரொம்ப தூரம் இல்லை, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் போய்விடலாம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். நான் என் பக்கத்தைத் திறந்து இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டேன். பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம் என்றேன். அம்மாவின் கத்தி நின்றது. எண் பெரிதாக இருப்பதால் பயப்படுகிறாள், பழகிய அளவில் சொன்னால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. உடனே வகுத்துப் பார்த்து, இருநூறு நாகர்கோவில் என்றேன்.

அம்மா வெண்டைக்காயைத் தள்ளி வைத்தாள். கூடத்திலிருந்து அப்பா எட்டிப் பார்த்து, போதும் நீ கணக்குப் போட்டது என்றார். தகவல் தெளிவாக இருந்தால் பயம் போய்விடும் என்பது என் கட்சி. அலுவலகத்தில் அது ஓரளவு செல்லும்.

எங்கள் வீட்டில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். கூடத்தில் இருப்பது மலையாளக் காலண்டர். பாங்க் விடுமுறை, கேஸ் வந்த தேதி, பால்காரர் வராத நாள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சமையலறையில் இருப்பது அம்மா வருஷா வருஷம் நாகர்கோவிலிலிருந்து வரவழைக்கும் தமிழ் நாள்காட்டி. தினம் ஒரு தாள் கிழிப்பது. அந்தத் தாளின் கீழே பொடி எழுத்தில் சூலம் போட்டிருக்கும். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் போகக்கூடாது என்பதுதான் சூலம். திங்களும் சனியும் கிழக்கு. செவ்வாயும் புதனும் வடக்கு. வியாழன் தெற்கு. வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. பக்கத்திலேயே பரிகாரமும் உண்டு. மேற்குக்கு வெல்லம், வடக்குக்குப் பால் என்று அந்தந்தத் திசைக்கு உரியதை ஒரு வாய் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷம் இல்லை. நான் பரீட்சை எழுதக் கிளம்பிய நாட்களில் எல்லாம் அம்மா என் வாயில் எதையாவது திணித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை விமானம் ஒன்று அருமையாக அமைந்தது. காலையில் இங்கே ஏறி, துபாயில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, அங்கிருந்து ஒரே மூச்சில் டொராண்டோ. மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். ஆபரேஷனுக்கு ஆறு நாள் முன்னால் போய்விடலாம். அம்மா சமையலறைக்குப் போய்த் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். “செவ்வாய் வடக்கு சூலம். நமக்கு மேக்குதானே போகணும். குழப்பமில்ல, போடு” என்றாள்.

போட்டிருக்கலாம். விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது. ஆனால் கனடா மேற்கில் இருக்கிறது என்று ஒருவர் என் முன்னால் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடியாது. அந்தக் கணக்கை எழுதியவள் நான். அதில் புறப்படும் திசை என்று தனியாக ஒரு வரி உண்டு. அந்த வரிக்காக ஒரு வாரம் உழைத்திருக்கிறேன். தட்டையான வரைபடத்தில் மேற்கு மாதிரி தெரியும், உருண்டையில் அப்படி இல்லை என்று ஆரம்பித்தேன். அம்மா புரியவில்லை என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். சட்னிக்கு எடுத்து வைத்திருந்த தேங்காயைக் கொண்டு வந்தேன்.

குடுமிதான் வட துருவம் என்றேன். இடுப்புக்குச் சற்று மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, இது திருவனந்தபுரம் என்றேன். ஏறக்குறைய மறுபக்கத்தில், இன்னும் கொஞ்சம் உயரத்தில், டொராண்டோ. இரண்டுக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராகக் குடுமிப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. எனக்கே பார்க்க அழகாக இருந்தது. அம்மா தேங்காயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பம் வடக்காக்கும் போகுது?”

“ஆமாம்மா, வடக்கு. லேசா மேற்கே சாய்ஞ்ச வடக்கு.”

“செவ்வாய்க்கிழமை வடக்குல்லா சூலம்.”

கூடத்தில் அப்பா செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் என் சொந்த நூலை அறுக்கப் பார்த்தேன். விமானம் உண்மையில் அந்தக் கோட்டில் போகாது, முதலில் துபாய்க்குத்தான் போகும், துபாய் மேற்கே இருக்கிறது என்றேன். அம்மா அதையும் ஏற்றுக்கொண்டாள். அதாவது வடக்கும் உண்டு, மேற்கும் உண்டு என்று. செவ்வாயும் புதனும் வடக்கால் போயின. வெள்ளியும் ஞாயிறும் மேற்கால் போயின. மறுநாள் திங்கள், பெட்டிகூடக் கட்டவில்லை. வியாழக்கிழமை விமானத்தில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். சனிக்கிழமை மட்டும் மிஞ்சியது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் கனடா போகலாம். நான் விளக்கிய பிறகு மூன்று நாள்தான் போகலாம்.

பரிகாரம் இருக்கிறதே, ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையே கிளம்பு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. “நாகர்கோவில் போறதுக்கு ஒரு வாய் பாலு போதும். இருநூறு நாகர்கோவில்னு இவளே சொல்லியாச்சு. அத்தனை பாலையும் குடிச்சிட்டு நான் எங்க போக?” என்றாள். பரிகாரம் தூரத்தைப் பொறுத்துக் கூடுமா, கூடாதா என்று என் பக்கத்தில் வரி எதுவும் இல்லை.

சனிக்கிழமைக்குப் போட்டோம். நேர வித்தியாசத்தால், சனிக்கிழமை காலை கிளம்பினால் அங்கே சனிக்கிழமை இரவே போய் இறங்கிவிடலாம். ஞாயிறு முழுக்க அக்காவோடு இருக்கலாம், திங்கள் ஆபரேஷன். அக்காவிடம் சொன்னேன். அவள், ஒரு நாளாவது இருக்கே, போதும் என்றாள். குரலில் அது போதாது என்று தெரிந்தது. செவ்வாய் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டாள். தேங்காயைப் பற்றி நான் சொல்லவில்லை.

பிழைக்கு ஈடாக அம்மாவைத் தயார்ப்படுத்தும் வேலையை முழு மூச்சாக எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் எதையும் வெளியிடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். அம்மாவையும் அப்படி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கூடத்தில் மூன்று நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, நடு நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தேன். ஜன்னல் பக்கம் நான். மறுபக்கம் அப்பா, அடையாளம் தெரியாத வெளிநாட்டுக்காரராக. இருக்கைப் பட்டைக்கு அப்பாவின் வேட்டி பெல்ட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் வழி விடக் கேட்டு ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா அப்பாவிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள். வெளிநாட்டுக்காரர், “இப்படி ஒரு மரியாதை முப்பது வருஷத்துல கேட்டதில்ல” என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். குக்கர் விசில் அடித்ததும் அம்மா பட்டையைக் கழற்றிவிட்டு நடு வானத்தில் எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. சோதனை தோல்வி என்று நான் குறித்துக்கொண்டேன்.

அதோடு நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் அச்சடித்தேன். எந்தப் படிவம் எந்தப் பையில், துபாயில் இறங்கியதும் எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும், சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போட வேண்டும் என்று எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். அம்மா அதை மரியாதையாக வாங்கி, பார்க்காமல் பைக்குள் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சாதாரணத்தை விட அதிகமாகச் சமைத்தாள். ஃப்ரிட்ஜில் இடம் இல்லாதபடி பொடியும் தொக்குமாக நிறைந்தது. நாங்கள் பட்டினி கிடந்துவிடுவோம் என்று செய்வதாக நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் அது இல்லை. பரிசோதனைக்குப் போன இடத்தில் பனிக்குட நீர் குறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கள் வரை வைத்திருக்க வேண்டாம், சனிக்கிழமை காலையே எடுத்துவிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். அக்கா அதை மிக நிதானமாகச் சொன்னாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்போது நிதானமாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில், “அம்மா சனி ராத்திரிதானே இங்க இறங்குவா. அப்பம் எல்லாம் முடிஞ்சிருக்கும். பரவாயில்ல” என்றாள்.

ஃபோனை வைத்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் இருந்தது. அதே நேரம், அதே வழி. வெள்ளி காலை கிளம்பினால் வெள்ளி இரவு அங்கே. மறுநாள் காலை அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சரியாகப் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. வெள்ளி மேற்கு சூலம். அதுவும் விமானம் துபாய்க்கு, வீட்டிலிருந்து விமான நிலையமே மேற்கே. என் தேங்காய்கூட இதற்கு உதவாது.

அம்மா சமையலறையில் இருந்தாள். அவளிடம் போவதற்கு முன் வாதங்களைத் தயார் செய்தேன். ஒன்று, இங்கே ஓடுபாதை வடமேற்கே பார்த்திருப்பதால் அது சுத்தமான மேற்கு ஆகாது. இரண்டு, காற்று மாறினால் விமானம் தென்கிழக்காகவும் கிளம்பும். மூன்று, உலகம் உருண்டை என்பதால் கிழக்கே போனாலும் கனடா வரும். மூன்றாவது மடத்தனமாக இருந்ததால் அதை அடித்துவிட்டேன். இப்படி நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். அக்கா பேசியது சமையலறை வரை கேட்டிருக்கிறது.

“வெள்ளிக்கிழமைக்கு மாத்து.”

நான் திரும்பிப் பார்த்தேன். “நாளைக்கு மேற்கு சூலம்மா.”

“அதுக்கு வெல்லம் இருக்குல்லா.”

“இருநூறு நாகர்கோவிலுக்கு ஒரு துண்டு வெல்லம் போதுமா?”

கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம். அம்மா என் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள், அதில் அவள் பெயர் ஆங்கிலத்தில் இருந்த இடத்தை.

“எனக்குப் பயமா இருந்துச்சு மக்கா. தனியா அவ்வளவு தூரம் போறதுக்கு. ஒரு நாலு நாள் தள்ளிப் போட்டா தைரியம் வந்துரும்னு நெனச்சேன். நீ தேங்காயைக் கொண்டாந்தே, எனக்கும் ஒரு காரணம் கிடைச்சுது.”

“பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ அதுக்கும் ஒரு படம் போட்டிருப்பே.”

பயத்துக்குப் படம் எப்படி இருக்கும் என்று என் புத்தி அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்திருந்தது. ஆக, இத்தனை நாளாக நான் திசைக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தேன். திசை எங்கள் வீட்டில் யாருடைய பிரச்சினையாகவும் இருந்ததே இல்லை. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பதிலை மட்டும் துல்லியமாகச் செய்து முடிப்பவள் என்று அலுவலகத்தில் என்னைப் பற்றி மேலதிகாரி ஒரு முறை எழுதியிருக்கிறார். அப்போது அது பொறாமை என்று நினைத்தேன்.

தைரியம் வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். “வரலேன்னா என்ன செய்ய? அவ அங்க தனியா படுத்துக் கிடக்கப் போறா. மாத்து, நேரமாகுது.” மாற்றினேன். அம்மா எழுந்து போய் அடுப்பில் தீய ஆரம்பித்திருந்த தொக்கைக் கிளறினாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா காரை எடுத்தார். அம்மா வாசல்படியில் நின்று வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள். நாகர்கோவிலுக்குப் போகும்போது எவ்வளவு போடுவாளோ அதே அளவு, சுண்டு விரல் நுனி அளவுத் துண்டு. தெருமுனையில் அப்பா மேற்கே திரும்பாமல் கிழக்கே திரும்பினார். வழி தவறுகிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிழக்கேகோட்டைப் பேருந்துக் கூட்டத்துக்குள் மாட்டி, ஒரு சுற்று சுற்றி, பிறகுதான் விமான நிலையத்துக்குப் போனோம். முதலில் கொஞ்சம் கிழக்கே போய்விட்டுத் திரும்பினால் அது கிழக்குப் பயணம் என்று கணக்காம். இதை அவர் யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. “பெட்ரோல் போட வந்தேன்” என்றார். பெட்ரோல் போடவில்லை.

விமான நிலைய வாசலில் வழக்கமான கூட்டம். வளைகுடாவுக்குக் கிளம்புகிற ஒருவரை வழியனுப்ப ஒன்பது பேர் என்ற கணக்கில் குடும்பங்கள் நின்றன. நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிந்தோம். உள்ளே யாரும் கூடப் போக முடியாது. கடைசியாகச் சொல்ல வேண்டியவை என்று ஏழு விஷயங்கள் மனதில் வைத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஏழும் மறந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவுக்குள் போனாள், திரும்பிப் பார்த்தாள், மோட்டார் ஓடுகிறதா பாரு, டேங்க் நிரம்பி வழியும் என்று சைகையில் சொன்னாள். பிறகு காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினாள். எந்தப் பையில் இருக்கிறது என்று தேடவில்லை. நான் குறித்துக் கொடுத்த பையில் அது இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. திரையின் ஒரு ஓரத்தில் விமானங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். அரபிக் கடலின் மேல் ஒரு சிறிய மஞ்சள் விமானம் நகர்வது போலவும் நகராதது போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு நடுவே நான் இழுத்த கோடுகளில் யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. இதில் நடு இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி என் திரையை எட்டிப் பார்த்து, இது சரியாகக் காட்டுகிறதா, நம் பக்கம் சொல்லும் நேரத்தோடு ஒத்துப் போகிறதா என்று மலையாளத்தில் கேட்டாள். ஒத்துப் போகவில்லை. காலை முழுக்க அப்பா கூப்பிட்டு எங்கே போகிறது என்று கேட்டார். கடல் மேல் என்றேன். அடுத்த முறையும் கடல் மேல் என்றேன். இன்னுமா கடல் என்றார்.

துபாயிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஆற்றிங்கலிலிருந்து ஒரு சேச்சி, மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அம்மா, எல்லோரும் கனடாவுக்கு, எல்லோரும் மகளுடைய பிரசவத்துக்கு என்றாள். அந்த மார்த்தாண்டத்து அம்மா ரொம்பப் பயந்து போயிருந்தாளாம். அவளிடம் என் நான்கு பக்கத்தைக் கொடுத்துவிட்டாளாம். “அவளுக்கு இங்க்லீஷ் தெரியாது பாவம். நமக்கு எதுக்கு, கூட்டத்தோட போனாப் போதும்” என்றாள். அம்மாவின் குரலில் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவளின் மிடுக்கு வந்திருந்தது. பயம் போச்சா என்று கேட்டேன். “அது இருக்கு. பேச நேரமில்ல, ஏறக் கூப்பிடுதாங்க” என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் அழைப்பு வந்தது. பேசியது அம்மா. போய்ச் சேர்ந்துவிட்டாள், சாம்பார்ப் பொடியை யாரும் பிடுங்கவில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கதவைத் திறந்ததும் அவள் அழுவாள், நானும் அழ வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன் என்றாள் அம்மா. அக்கா அழவில்லையாம். சோபாவில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாளாம். “ரெண்டு காலும் வீங்கி இட்லி மாதிரி இருக்கு. ஒரு மணி நேரமா அமுக்கி விட்டுட்டு இருக்கேன். நீ ஃபோனை வை.”

அன்று சாயங்காலம், அங்கே காலை, ஆபரேஷன். நானும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் ஃபோனை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம். அத்தான் அக்காவோடு உள்ளே போயிருந்தார். அம்மா வெளியே இருப்பாள், ஏதாவது தெரிந்தால் அவள்தான் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நான் ஒரு தாளை எடுத்து, எடுக்காததற்கான காரணங்கள் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். கீழே ஒன்றும் எழுத வரவில்லை.

பிறகு அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது. பெண் குழந்தை, துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிகிறது, கோபமாக இருக்கிறது. அடுத்ததாக இன்னொரு படம். ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறை. ஒரு நாற்காலியில் அம்மா, கம்பளிச் சட்டைக்கு மேலே சேலை, மடியில் பை, பையின் மேல் கை, கையில் ஃபோன். தலை சுவரில் சாய்ந்திருக்கிறது. வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. கதவு வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு அங்கே உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுப்பவில்லை என்று அத்தான் எழுதியிருந்தார்.

இறங்குவது, ஏறுவது, காத்திருப்பது, நேர வித்தியாசம் எல்லாவற்றையும் கூட்டிய நான், அம்மாவுக்குத் தூக்கம் வரும் என்பதை எங்கேயும் கூட்டவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கி, குழந்தையின் படத்தைப் பார்த்ததை விட அதிக நேரம் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். மூக்கு அக்காவைப் போல, காது நம் வீட்டுக் காது, பால் குடிக்கிறது என்று எல்லாம் சொன்னாள். அக்கா கண் திறந்ததும் முதலில் பார்த்தது தன்னைத்தான் என்றும் சொன்னாள். நீ தூங்கிட்டியாமே என்று நான் கேட்டேன்.

“யாரு தூங்குனா? கண்ணை மூடிட்டுச் சாமி கும்பிட்டுட்டு இருந்தேன்.”

படம் இருக்கிறது என்று சொல்லலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆமாம்மா, தெரிஞ்சுது என்றேன்.